கப்பல் பிடிக்கப் போன மிதவை விமானம்

கீழே தெரிவது கப்பல்தான் என்று உறுதியானதும் மென்னோ இருக்கையிலிருந்து பாதி எழுந்து, திரும்பி, பின்னால் இருந்த விமானியின் மூக்குக்கு நேரே விரலை ஆட்டினான். எஞ்சின் போடும் இரைச்சலில் மெதுவாகச் சொன்னது காதுக்கு எட்டாது. விரல் எட்டும்.

விமானி ஒஸ்வின் எட்டிப் பார்த்தான். வடகடலின் சாம்பல் நிறத் தண்ணீரில் இரண்டு பாய்மரங்கள். தளம் முழுக்க மரக்கட்டை அடுக்கு. மேற்கே சுவர் மாதிரி மூடுபனி நின்றிருந்தது. கப்பல் அதைப் பார்த்து, மாமனார் வீட்டுக்குப் போகும் புது மாப்பிள்ளை போல விரைந்துகொண்டிருந்தது.

"இறங்கட்டுமா சார்?" என்று தொண்டை கிழியக் கத்தினான் ஒஸ்வின்.

"இறங்குய்யா. அது பனிக்குள்ள பூந்துட்டா அப்புறம் ஆண்டவன்தான் தேடணும்."

ஜெர்மன் கடற்படையின் போர்க்கும் தீவு நிலையத்தில் அந்த வசந்தத்தில் எல்லோர் வாயிலும் ஒரே பேச்சு: யார் எந்தக் கப்பலைப் பிடித்துவந்தார்கள். முதல் உலகப்போர் தொடங்கி இரண்டாவது குளிர்காலம் போயிருந்தது. எந்த நாட்டுக் கப்பலானாலும், அது இங்கிலாந்துக்குச் சரக்கு ஏற்றிப்போவதைக் கண்டால் மிதவை விமானம் பக்கத்தில் இறங்க வேண்டும். விமானியோடு பறக்கும் நோட்டக்காரன், அதாவது மென்னோ மாதிரி ஆள், கப்பலில் ஏறிச் சோதிக்க வேண்டும். சந்தேகமிருந்தால் கப்பலைத் தீவுக்கு ஓட்டிவர வேண்டும். மென்னோவோடு சேர்ந்தவர்களெல்லாம் ஆளுக்கொன்று பிடித்தாகிவிட்டது. அவன் இதுவரை பிடித்தது சளி மட்டுமே.

விமானத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். மரச்சட்டம், அதன்மேல் துணி, கீழே இரண்டு நீளமான மிதவைகள், மூக்கில் ஒரு எஞ்சின். துப்பாக்கி கிடையாது. கம்பியில்லாத் தந்தி கிடையாது. செய்தி சொல்ல ஒரு பிரம்புக் கூடையில் இரண்டு புறாக்கள் வைப்பார்கள். அன்றைக்கு ஒன்றுக்கு உடம்பு சரியில்லை. மீதமிருந்த பெண் புறாவுக்கு ஒஸ்வின் தன் மாமியார் பெயரை வைத்திருந்தான்: ஹுல்டா. எங்கே கொண்டுபோய் விட்டாலும் வீடு திரும்பிவிடும் என்பது காரணம்.

மிதவைகள் தண்ணீரைத் தொட்டதும் விமானம் ஒரு முறை எம்பியது, இன்னொரு முறை எம்பியது, மூன்றாவது முறை உப்புத் தண்ணீரை இருவர் தலையிலும் வாரிக் கொட்டிவிட்டு உட்கார்ந்தது. மென்னோவுக்குச் சிரிப்பு வந்தது. கப்பல்காரர்கள் விமானத்தைக் கண்டு பாயைத் தளர்த்தி நின்றுவிட்டார்கள். ஒஸ்வின் எஞ்சினை அணைத்துவிட்டு ஓட்டத்திலேயே கப்பலின் பின்புறத்தை ஒட்டி வந்தான். மென்னோ, 'கப்பல் பிடித்தோம், படகு அனுப்புக' என்று எழுதிய சீட்டைப் புறாவின் காலில் கட்டி மேலே வீசினான். ஹுல்டா சிறகடித்துப் பனிக்குள் மறைந்தது. மேலேயிருந்து விழுந்த கயிற்றை ஒஸ்வின் மிதவையில் கட்டினான். மென்னோ ஏணியைப் பிடித்தான், வழுக்கினான், இடுப்புவரை கடலில் முங்கினான், கைத்துப்பாக்கி உட்பட. பிறகு கப்பலைக் கைப்பற்ற மேலே ஏறினான்.

கப்பலின் பெயர் 'ஹூப்'. டச்சுக்காரர் மொழியில் நம்பிக்கை. தலைவன் ஹார்ம், நெல் மூட்டை அளவு மார்பும் அதற்கேற்ற தாடியும் உள்ளவன். அவனுக்குப் பின்னால் மூன்று மாலுமிகள்.

"மொய்ன்," என்றான் ஹார்ம். அந்தக் கரையில் காலை, மாலை, கல்யாணம், கருமாதி எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல்தான்.

"மொய்ன். எங்கிருந்து எங்க போறீங்க?"

"நார்வேலேருந்து எங்க ஊர் டெல்ஃப்சைலுக்கு."

"டெல்ஃப்சைல் கிழக்கால இருக்கு. நீங்க மேற்கால போயிட்டிருக்கீங்க."

"திசைகாட்டிக்கு வயசாயிடுச்சு ஐயா. எனக்கும்தான்."

மென்னோ கட்டைகளைத் தட்டிப் பார்த்தான். ஆள் உயர பைன் மரம், எல்லாம் ஒரே அளவு. இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களில் முட்டுக் கொடுக்க இந்த அளவுதான் கேட்பார்கள் என்பது துறைமுகத்தில் வளர்ந்த எவனுக்கும் தெரியும்.

"டெல்ஃப்சைல்ல சுரங்கம் எப்ப தோண்டினாங்க?"

"சுரங்கமா? வேலிக்குங்க."

"இவ்வளவு வேலியா?"

"எங்க ஊர்ல பக்கத்து வீட்டுக்காரனோட சண்டை ஜாஸ்தி."

மாலுமிகள் மூவரும் கடலைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மென்னோ நெஞ்சை நிமிர்த்தி, கண்ணாடி முன்னால் பலமுறை பழகிய வாசகத்தைச் சொன்னான்: "ஜெர்மன் கடற்படை சார்பா இந்தக் கப்பலை போர்க்குமுக்குக் கொண்டுபோகச் சொல்றேன்."

"சொல்லுங்க," என்றான் ஹார்ம். "ஆனா வழி காட்டணுமே. உங்க பறவை முன்னால பறக்குமா?"

அதே நேரம் கீழேயிருந்து எஞ்சினின் கைப்பிடியைச் சுற்றும் சத்தம் வந்தது. கர்ர், கர்ர், கர்ர். பிறகு ஒரு தும்மல். பிறகு ஒன்றுமில்லை. மென்னோ விளிம்பில் குனிந்து பார்த்தான்.

"என்னய்யா?"

ஒஸ்வின் நிமிர்ந்து தேன் ஒழுகும் குரலில் சொன்னான்: "ஒண்ணும் அவசரம் இல்ல சார். நல்லா நிதானமா சோதிங்க. குதிரை கொஞ்சம் ஓய்வெடுக்குது." ஒஸ்வினின் வாயிலிருந்து 'நிதானம்' என்ற சொல் வந்ததே இல்லை. மென்னோவுக்கு மட்டும் தெரியும்படி மார்பருகே வைத்திருந்த கை கட்டைவிரலைக் கீழே காட்டியது. எண்ணெயில் தண்ணீர் புகுந்துவிட்டது.

கணக்கு எளிது. ஹார்ம் பாயை ஏற்றி மேற்கே போனால், இங்கிலாந்துக் காவல் கப்பல் ஒன்று எதிர்ப்படும். மென்னோவும் ஒஸ்வினும் போர் முடியும்வரை கம்பி எண்ணுவார்கள். அவன் கப்பலைப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் கப்பல் அவனைப் பிடித்துக்கொள்ளும். நடுவில் வேறு வழியில்லை.

"புறா போயாச்சு," என்றான் சத்தமாக. "போர்க்குமிலிருந்து டார்பிடோ படகு கிளம்பியிருக்கும்."

அப்போதுதான் அந்த வாசனை வந்தது.

மென்னோவின் குடும்பம் எம்டனில் மூன்று தலைமுறையாகத் தேயிலை வியாபாரம் செய்கிறது. போர் வந்தபின் ஜெர்மனியில் தேயிலை கண்ணில் படுவதில்லை. தீவு அதிகாரிகள் காய்ந்த முள்செடி இலையைக் கொதிக்கவைத்து, மரியாதைக்காக அதையும் தேநீர் என்று அழைத்தார்கள். இப்போது கப்பலின் பின்னறைக் கதவு திறந்து அஸ்ஸாம் தேயிலையின் மணம், மாநிறமாக, கனமாக, நேராக அவன் மூக்குக்கு வந்து சேர்ந்தது.

கதவில் ஒரு பெண் நின்றாள். முழங்கைவரை சுருட்டிய சட்டை, இடுப்பில் துணி, கண்ணில் சந்தையில் மீன் விற்றவர்களின் கூர்மை. "நனைஞ்ச கோழி மாதிரி நிக்கறியே தம்பி. உள்ள வா. டீ குடிக்காம யாரும் என் கப்பலைப் பிடிக்க முடியாது."

பேச்சின் இழுப்பைக் கேட்டதும் மென்னோ திரும்பினான். "அக்கா எந்த ஊரு?"

"கிரேட்ஸீல். இந்த டச்சுக்கார மனுஷனைக் கட்டிக்கிட்டு எம்ஸ் நதியைத் தாண்டி வந்துட்டேன். நீ?"

"எம்டன்."

"அதான் மூக்கு அப்படித் துடிக்குது." அவள் பெயர் தால்கே. கணவனிடம் திரும்பி, "நீங்க மேல இருந்து பாய்க்கயிறெல்லாம் பாருங்க," என்றாள்.

மென்னோவுக்கு இது வரமாகப்பட்டது. எம்டன், கிரேட்ஸீல் எல்லாம் சேர்ந்த கிழக்கு ஃப்ரீஸ்லாந்தில் தேநீர் என்றால் மூன்று கோப்பை. மூன்று என்பது விருந்தாளியின் உரிமை; அது முடியும்வரை பேரம் கிடையாது, சண்டை கிடையாது, வந்தவனை எழுப்பவும் கூடாது. விருந்தாளி சிறு கரண்டியைக் கோப்பைக்குள் போட்டால் 'போதும்' என்று பொருள். போடாதவரை ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். மூன்று கோப்பை நேரத்தில் ஒஸ்வின் எஞ்சினைப் பிரித்துத் தண்ணீரை வடித்துவிடுவான். மென்னோ உட்கார்ந்தான்.

கோப்பையில் ஒரு பெரிய கற்கண்டு. அதன்மேல் கொதிக்கும் தேநீர் விழுந்ததும் கற்கண்டு விரிசல்விட்டு 'கிளிக்' என்றது. பாலேட்டைக் கரண்டியின் முதுகால் விளிம்போரம் விட்டாள். அது அடியில் போய்த் திரும்பி மேலே வந்து மேகமாக விரிந்தது. கலக்கக் கூடாது. மென்னோ ஒரு வாய் குடித்தான், கண்ணை மூடிக்கொண்டான்.

"என்ன கலவை, சொல்லு பார்ப்போம்," என்றாள் தால்கே.

"அஸ்ஸாம் ரெண்டு பங்கு. கொஞ்சம் ஜாவா. ரோட்டர்டாம்ல வாங்கினது. கடைக்காரன் உங்களை ஏமாத்தியிருக்கான், ஜாவா கூட."

"ஏமாத்தினதுக்கு அப்புறம் விலையில பாதி குறைச்சேன். யார் யாரை ஏமாத்தினாங்கன்னு அவன் பொண்டாட்டிகிட்ட கேளு."

மென்னோ வாய்விட்டுச் சிரித்தான். முதல் கோப்பை முடிந்தது. இரண்டாவது வந்தது. அவள் கிரேட்ஸீலில் யார் யாரைக் கட்டிக்கொண்டார்கள், யார் கட்டிக்கொண்டு ஓடினார்கள் என்று சொல்லிக்கொண்டே போனாள். நன்றாகச் சொன்னாள். பாதிக் கோப்பை குடித்தபிறகுதான் மென்னோ தேநீரைக் கவனித்தான்.

இதுவரை அது அலைக்கேற்ப இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் ஆடிக்கொண்டிருந்தது. இப்போது ஆடவில்லை. ஒரே பக்கமாகச் சாய்ந்து, அப்படியே நின்றது. பாலேட்டு மேகம் விளிம்பில் ஒதுங்கியிருந்தது. நிற்கும் கப்பல் இப்படிச் சாயாது. காற்று நிறைந்த பாயோடு ஓடும் கப்பல்தான் சாயும்.

மென்னோ நாற்காலியைத் தள்ளிவிட்டு ஏணியில் பாய்ந்தான்.

மேலே பாய்கள் புடைத்திருந்தன. ஹார்ம் சுக்கானில். கப்பல் மேற்கே பனிச்சுவரை நோக்கி நுரைத்துக்கொண்டு ஓடியது. பின்னால், கயிற்றின் முனையில், விமானம் சந்தைக்கு இழுத்துப்போகும் கன்றுக்குட்டிபோல் துள்ளித் துள்ளி வந்தது. மிதவையில் ஒரு காலும் எஞ்சினில் ஒரு கையுமாகத் தொங்கிய ஒஸ்வின் தன் ஊர் வசவு அத்தனையையும் வரிசையாக இறக்கிக்கொண்டிருந்தான். இந்த ஓட்டத்தில் எஞ்சினைத் தொடவும் முடியாது. கயிற்றை அறுத்தால் நடுக்கடலில் தனியாக மிதக்க வேண்டியதுதான்.

மென்னோ துப்பாக்கியை எடுத்தான். "நிறுத்துங்க."

ஹார்ம் துப்பாக்கிக் குழாயிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பார்த்தான். "முதல்ல அதைக் காய வைங்க ஐயா, துரு ஏறிடும்."

"டார்பிடோ படகு வந்துட்டிருக்கு. புறா இந்நேரம் போர்க்கும் சேர்ந்திருக்கும்."

மாலுமிகளில் ஒருவன் இருமினான். இன்னொருவன் வாயைப் பொத்திக்கொண்டான். மூன்றாமவன் மெல்ல மேலே கை காட்டினான்.

பின்பாயின் கட்டையில், கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு, காலில் சீட்டோடு, ஹுல்டா உட்கார்ந்திருந்தது. பனியில் புறாவுக்கு வழி தெரியாது. தெரியாத வழியில் அது போகாது. போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, கண்ணில்பட்ட முதல் கூரையில் இறங்கிவிட்டது.

"உங்க டார்பிடோ படகு மேல உக்காந்திருக்கு," என்றான் ஹார்ம். "ரொட்டித்தூள் போட்டோம். சாப்பிட்டுச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். மென்னோவின் காது சூடேறியது. கையில் நனைந்த துப்பாக்கி, கட்டையில் மாமியார், கயிற்றில் விமானம். கடைத்தெருவில் சரக்கெல்லாம் போலி என்று அம்பலமான வியாபாரிக்கு மிஞ்சுவது ஒன்றுதான்: எதிராளியின் சரக்கில் என்ன குறை என்று பார்ப்பது. அவன் பார்த்தான். தால்கே ஏணியின் உச்சியில், கையில் தேநீர்க் கெண்டியோடு நின்றாள். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

"அக்கா," என்றான் மெதுவாக, ஊர்ப் பேச்சில். "நான் எத்தனை கோப்பை குடிச்சேன்?"

அவள் கழுத்திலிருந்து சிவப்பு ஏறியது.

"ஒண்ணரை. ஸ்பூன் இன்னும் தட்டுலதான் இருக்கு. கிரேட்ஸீல்ல இப்பல்லாம் ஒண்ணரைக் கோப்பையிலயே விருந்தாளியை வித்துடறாங்களா? எம்டன்ல சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. ஆனா நான் சொல்லுவேன். இங்கிலாந்து ஜெயில்லேருந்து கடுதாசி போட்டாவது சொல்லுவேன்."

தால்கே கெண்டியைக் கீழே வைத்தாள். கணவன் பக்கம் திரும்பினாள். அந்தத் திரும்பலைப் பார்த்ததும் மாலுமிகள் மூவரும் சிரிப்பை நிறுத்திக் கயிறு சுருட்ட ஆரம்பித்தார்கள்.

"மூணு முடியட்டும்னு சொன்னேனா இல்லையா?"

"நீ கண்ணைக் காட்டினே. மேல் ஜன்னல் வழியா பார்த்தேன். கண்ணைச் சிமிட்டினே."

"டீ ஆவி கண்ணுல பட்டுச்சுய்யா."

"எனக்கெப்படித் தெரியும்? தால்கே, காத்து நல்லாருக்கு, பனி பக்கத்துல இருக்கு. ஒரு டீக்காகக் கப்பலை நிறுத்தணுமா?"

"எங்கப்பனைப் பிடிக்க போலீஸ்காரன் வந்தான். அவனுக்கு மூணு கோப்பை ஊத்திக் கொடுத்துட்டுத்தான் எங்கப்பா விலங்குக்குக் கையை நீட்டினார். என் மேஜையில உக்காந்தவனை ஒண்ணரையில கிளப்பினேன்னு நான் பேர் வாங்க மாட்டேன். பாயைத் தளர்த்துங்க. மூணு முடியட்டும். அப்புறம் இவனை லண்டன் வரைக்கும் கூட்டிட்டுப் போங்க, நானே ரொட்டி கட்டித் தரேன்."

ஹார்ம் வானத்தைப் பார்த்தான். இருபது வருடம் குடித்தனம் நடத்தியவனுக்குப் புயலும் மனைவியும் எப்போது ஓய்வார்கள், எப்போது ஓயமாட்டார்கள் என்று தெரியும். "தளர்த்துங்கடா," என்றான்.

பாய்கள் படபடத்தன. கப்பல் வேகமிழந்து நின்றது. கீழே உடனே கர்ர், கர்ர் என்ற சத்தம் தொடங்கியது.

மென்னோ மேஜைக்குத் திரும்பினான். மீதி அரைக் கோப்பையை, பூனை பால் குடிப்பதுபோல் நக்கி நக்கிக் குடித்தான். மூன்றாவது வந்தது. கற்கண்டு உடைந்தது, மேகம் விரிந்தது. இதற்குமேல் ஊற்றச் சொல்லிக் கேட்க முடியாது. மூன்றுக்குமேல் உரிமை இல்லை, அது இவர்கள் மனம்தான். ஆனால் மூன்றாவதை எவ்வளவு நேரம் குடிக்கலாம் என்று எந்த ஊரிலும் சட்டம் போடவில்லை.

"தம்பி, டீ குடிக்கறியா, அதுல முகம் பாக்கறியா?"

"சூடா இருக்கு அக்கா."

"ஆவி அடங்கி ரொம்ப நேரமாச்சு."

"எனக்குப் பல் கூச்சம்."

"சூட்டுக்குமா, குளிருக்குமா?"

"ரெண்டுக்கும்."

தால்கே உதட்டைக் கடித்துக்கொண்டாள். கோபமா சிரிப்பா என்று தெரியவில்லை. பலகைச் சுவர் வழியாக எஞ்சின் இரண்டு முறை தும்மியது. மென்னோவின் உயிர் அந்தத் தும்மலில் தொங்கியது. அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"அப்ப குதிரை ஓய்வெடுக்கலை. செத்துக் கிடக்கு."

"தூக்கம் அக்கா. ஆழ்ந்த தூக்கம்."

"சரி. அவனும் என் கப்பல்ல கயிறு கட்டியிருக்கான், அவனும் விருந்தாளிதான்." அவள் ஒரு கோப்பையை நிரப்பி, தட்டில் கரண்டியோடு மாலுமியிடம் கொடுத்தாள். "அந்தப் பையனுக்கும் கொண்டுபோய்க் கொடு."

மென்னோவுக்கு அழுகை வராத குறை. எவ்வளவு பெரிய மனசு என்று நினைத்தான். நினைத்து முடிக்குமுன் இன்னொன்று நினைவுக்கு வந்தது. ஒஸ்வின் கடலோரத்தான் இல்லை, உள்நாட்டுச் சாக்சனிக்காரன். அங்கே குழந்தை பிறந்தால் காபியில்தான் நாக்கை நனைப்பார்கள். தேநீரை அவன் காய்ச்சலுக்குக் கொடுக்கும் கஷாயமாகத்தான் பார்த்திருக்கிறான். கரண்டியைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும்?

மாலுமி திரும்பி வந்தான். கோப்பை காலி. கோப்பைக்குள், ஒழுக்கமாக, நன்றி சொல்வதுபோல், கரண்டி நின்றது.

"ஒரே மடக்குல குடிச்சுட்டு ஸ்பூனை உள்ள போட்டுக் கொடுத்துட்டான்," என்றான் மாலுமி. "காபி இல்லையான்னு வேற கேட்டான்."

"அவருக்குப் போதுமாம்," என்றாள் தால்கே, மேல் ஜன்னலைப் பார்த்து, நன்றாகக் கேட்கும்படி. "அந்த விருந்தாளி எழுந்தாச்சு."

மேலே ஹார்மின் காலடி ஓடியது. மென்னோ கோப்பையைக் கையில் பிடித்தபடியே ஏணியில் ஏறினான். கீழே வைத்தால் அவன் உரிமையும் போய்விடும். ஹார்ம் கோடரியோடு கப்பலின் பின்விளிம்பில் நின்றான். கயிறு விறைத்திருந்தது.

"ஹார்ம், வேண்டாம். அவன் அந்தக் கரைக்காரன் இல்ல, அவனுக்கு முறை தெரியாது."

"எனக்கும் தெரியாதுங்க. என் பொண்டாட்டிக்குத் தெரியும். அவளே சொல்லிட்டா."

கோடரி இறங்கியது. ஒரு வெட்டு. கயிற்றின் பாதி இழைகள் தெறித்தன. கீழே ஒஸ்வின், நடப்பது எதுவும் தெரியாமல், பற்களைக் கடித்துக்கொண்டு கைப்பிடியைச் சுற்றினான். இரண்டாவது வெட்டு. கயிறு அறுந்து தண்ணீரில் விழுந்தது. விமானம் அலையில் ஒரு முறை ஆடி, மெல்ல விலகியது.

அந்த நொடியில் எஞ்சின் இருமியது. இன்னொரு முறை இருமியது. பிறகு, கடல் முழுவதும் தகர டப்பா உருட்டியதுபோல், ஒரே முழக்கமாகப் பிடித்துக்கொண்டது. காற்றாடி கண்ணுக்கு மறைந்து வட்டமானது. விமானம் முன்னால் பாய்ந்தது. கயிறு மட்டும் அறுபடாமல் இருந்திருந்தால் அதே பாய்ச்சலில் மிதவை பிய்ந்து, விமானம் கப்பலின் முதுகில் மோதி விறகாகியிருக்கும். ஹார்ம் கையிலிருந்த கோடரியைப் பார்த்தான். பிறகு விமானத்தைப் பார்த்தான். பிறகு மறுபடி கோடரியைப் பார்த்தான்.

"ரொம்ப நன்றி," என்றான் மென்னோ. "சரியான நேரத்துல வெட்டினீங்க."

ஒஸ்வின் ஒருவழியாகத் தொற்றி இருக்கையில் விழுந்தான். மிதவைகள் இரண்டு வெள்ளைக் கோடுகளை இழுத்தன, கோடுகள் மெலிந்தன, முடிந்தன. விமானம் காற்றில் இருந்தது. கப்பலின் பாய்மர உச்சியைத் தலைவாரி விடுவதுபோல் உரசிக்கொண்டு ஒரு சுற்று வந்தது. ஹுல்டா அந்த இரைச்சலில் எகிறி, ஒரு வட்டமடித்து, தென்கிழக்கே நேர்கோடாகப் பறந்தது. எல்லோரும் அது போன திசையைப் பார்த்தார்கள். அப்போதுதான் யாவருக்கும் உறைத்தது: பனி இல்லை. ஒன்றரைக் கோப்பைத் தேநீரை ஒருவன் ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்த நேரத்தில், வெயில் அந்தச் சுவரைத் தின்றுவிட்டிருந்தது. மேற்கே துடைத்துவைத்த தட்டுப்போலக் கடல். ஒளிய ஒரு பொட்டு இடமில்லை. ஒஸ்வின் போர்க்கும் போய் படகோடு திரும்புமுன் பாய்க்கப்பல் எவ்வளவு தூரம் போய்விடும்?

மென்னோ கோப்பையில் மிச்சமிருந்த ஜில்லிட்ட தேநீரைக் கற்கண்டோடு வாயில் கவிழ்த்துக்கொண்டான். தால்கே நீட்டிய தட்டிலிருந்து கரண்டியை எடுத்துக் கோப்பைக்குள் போட்டான். "போதும் அக்கா. நல்லா இருந்தது. இப்ப போர்க்குமுக்குப் போலாமா?"

ஹார்ம் சுக்கானைத் திருப்பினான்.

கப்பல் திரும்பி ஓடத் தொடங்கியதும் தால்கே அவன் பக்கத்தில் வந்து நின்றாள். "அங்க போய் என்ன சொல்லப்போறே?"

"என்ன சொல்லணும்?"

"வியாபாரி மகன்தானே. முதல் விலையை நீ சொல்லு."

தப்பி ஓடப் பார்த்த கப்பல் என்று சொன்னால் கப்பலும் போகும், ஹார்மும் உள்ளே போவான். இருவருக்கும் தெரியும். மென்னோ கட்டைகளைப் பார்த்தான். "மரம் எங்களுக்கு. கப்பல் உங்களுக்கு. நடுவுல ஒரு தடவை பாய் ஏத்தினீங்க, சொன்னதும் இறக்கினீங்க, அறிக்கையில அவ்வளவுதான் இருக்கும்."

"சொன்னது யாரு?"

"அதை யாரும் கேக்க மாட்டாங்க."

"மரத்துல பாதி."

"மரம் முழுசா. அதுல பேரம் இல்ல அக்கா, அது என் சரக்கு இல்ல. கயிறு வெட்டினதையும் சொல்ல மாட்டேன்."

"கயிறு வெட்டினதாலதானே உன் பையன் பறந்தான். அதுக்கு நீதான் எனக்குக் கொடுக்கணும்."

அவள் சொன்னதில் மென்னோவால் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. "சரி. கப்பல் உங்களுக்கு, ஹார்ம் உங்களுக்கு, மாலுமிங்க மூணு பேரும் உங்களுக்கு. அந்த டீ டப்பா?"

"டப்பாவா? அது சரக்கு இல்ல, என் சமையல் சாமான்."

"அஸ்ஸாம் ரெண்டு பங்கு, ஜாவா ஒரு பங்கு. போர்க்கும்ல அதிகாரிங்க முள்செடி குடிக்கறாங்க. பாதி டப்பா."

"கால்."

"கால் டப்பாவை வாங்கிட்டுப் போனா என் தாத்தா சவக்குழியிலேருந்து எழுந்து வருவார். பாதி, கற்கண்டோட."

"கற்கண்டா? தம்பி, நீ கப்பல் பிடிக்க வந்தியா, கடை போட வந்தியா?"

தென்கிழக்கே கலங்கரை விளக்கம் ஊசிமுனையாகத் தெரிந்தது. அதற்கு முன்னால் டார்பிடோ படகின் கரும்புகை எழுந்து அவர்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. அதற்கு மேலே ஒஸ்வின் சந்தோஷத்தில் சிறகை ஆட்டிக்கொண்டிருந்தான். காற்று சற்றுத் திரும்பியது. முன்பாய் தளர்ந்து படபடத்தது.

"ஏம்பா, ரெண்டு பேரும்," என்று சுக்கானிலிருந்து கத்தினான் ஹார்ம். "டப்பா விலையை அப்புறம் முடிவு பண்ணுங்க. இந்தக் கப்பல் இப்ப யாருதோ, அவங்க வந்து பாயை இழுங்க."

கப்பலைக் கைப்பற்றிய லெஃப்டினன்ட் மென்னோ ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்தான். தால்கே அவனுக்குப் பின்னால் அதே கயிற்றைப் பிடித்து, "மூணுல ஒரு பங்கு, கற்கண்டு இல்லாம," என்றபடி இழுத்தாள்.